உள்ளங்காலுக்கு ஒரு லென்ஸ்

பூதக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "இதுல பவர் ஜாஸ்தி எது?" கேட்டதுமே எனக்கு எரிச்சல் வந்துவிடும். மிளகாய் வாங்குகிறவர்கள் காரம் ஜாஸ்தி எது என்று கேட்கலாம், அதில் நியாயம் உண்டு. பூதக்கண்ணாடிக்கு அந்தக் கேள்வி ஆகாது. எதைப் பார்க்கப் போகிறீர்கள், எங்கே உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள், அப்போது கையில் வேறென்ன இருக்கும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும், இதையெல்லாம்தான் கேட்க வேண்டும். நானே இதைக் கேட்டால், "சும்மா வூட்ல வச்சிக்கத்தான் சாமி" என்பார்கள். சும்மா வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு அம்மிக்கல் வாங்கிக்கொண்டு போகலாமே என்று வாய்வரை வரும். பல நாள் அடக்கிக்கொள்வேன், சில நாள் அடக்க முடியாது.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்திலிருந்து கோயில் பக்கம் திரும்பும் தெருவில் என் கடை. எங்கள் வீட்டில் மற்றவர்கள் கோயில் கைங்கரியம், இல்லாவிட்டால் பாங்க் வேலை. நான் ஒருவன்தான் கடை போட்டேன். தோத்தாத்ரி என்ற பெயர் போர்டில்தான் இருக்கிறது, ஊரில் நான் கண்ணாடிக்கார சாமி. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆளை இறக்கும்போது கழுத்தில் ஐடி கார்டு தொங்க நாலு பேர் ஏறி வருவார்கள். மற்ற நேரத்தில் ஒரகடம் பக்கம் போகிற கன்டெய்னர் லாரிகளின் தூசியைக் கண்ணாடி அலமாரியிலிருந்து துடைத்துக்கொண்டிருப்பேன்.

கனகம் என் கடைக்கு முதலில் வந்தது புரட்டாசிக் கடைசியில். வாசலில் செருப்பை விடாமல் உள்ளே வந்துவிட்டாள்.

"செருப்ப வெளிய விடுங்கம்மா" என்றேன்.

"இத்தக் கழட்டக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு சாமி."

குனிந்து பார்த்தேன். பின்னால் வார் வைத்த கறுப்புச் செருப்பு, சுகர்காரர்கள் போடுவது. வலது காலில் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நான் வேறு பக்கம் திரும்பி அலமாரியைத் திறந்தேன்.

அவளுக்கு வேண்டியது தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி. இதை அவள் என்னிடம் மூன்றாம் முறை வந்தபோதுதான் சொன்னாள். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் பட்ட பாடு உங்களுக்கு எதற்கு.

வடக்குப்பட்டுக்காரி. ஐம்பது வயது இருக்கும். ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வேலை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஷிஃப்ட் முழுக்க நிற்பாள். சுகரில் கால் மரத்துப்போயிருந்தது அவளுக்கே தெரியாது, நின்று நின்று அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரில் ஒரு துணுக்கு பூட்ஸுக்குள் விழுந்து விரலுக்கடியில் ஏறிவிட்டது. அதோடு பல நாள் நடந்திருக்கிறாள். வலியே இல்லை. கடைசியில் அவள் புருஷன் நடேசன்தான் வீட்டில் ஏதோ செத்த எலி நாற்றம் அடிக்கிறது என்று கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடியிருக்கிறான். எலி கிடைக்கவில்லை. விரலை எடுத்தார்கள்.

எடுத்த டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பினார். தினமும் சாயங்காலம் இரண்டு உள்ளங்காலையும் பார்க்க வேண்டும். சின்னக் கீறல், கொப்புளம், நிறம் மாறிய இடம் எதுவானாலும் அன்றைக்கே வர வேண்டும். இனி ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் விரலோடு நிற்காது, காலே போகும். காலில் உணர்ச்சி இல்லை, சரி, கண்ணால் பார்க்கலாம் என்றால் சுகர் கண்ணையும் விட்டுவைக்கவில்லை. லேசர் வைத்த கண். நான் கொடுக்கிற மூக்குக் கண்ணாடியால் அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.

ஆனால் முதல் நாள் அவள் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பெர்சா காட்டற லென்சு ஒண்ணு குடு சாமி. பத்து மடங்கு காட்டறது."

"பத்து மடங்கு எதுக்கும்மா? எதப் பாக்கணும்?"

"மாத்திர அட்டதான்."

"அதுக்கு மூணு மடங்கே ஜாஸ்தி."

"எங்கூட்டுக்காரரு கம்பேனில பத்து மடங்குலதான் பாப்பாங்களாம். சின்ன கீறலு கூட தப்பாதாம்."

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது ஒரு வியாதி. கம்பெனியில் எது நடக்கிறதோ அதுதான் சரி. வீட்டுக்கு மிக்ஸி வாங்கினாலும் கம்பெனி கேன்டீனில் எந்த மிக்ஸி என்று பார்ப்பார்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மடக்கு லென்ஸ் ஒன்று இருந்தது, பத்து மடங்கு. கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பார்க்கிற பொருளையும் அதோடு ஒட்டிக் கொண்டுவர வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். தலையை ஆட்டிவிட்டு வாங்கிப் போனாள்.

மறு வாரம் வந்தாள்.

"ஒரு புள்ளிதான் சாமி தெரியுது. சுத்தி இன்னா கீதுன்னே தெரில."

"பத்து மடங்குன்னா அப்டித்தான். பெரிசாக் காட்டக் காட்ட கொஞ்சமாத்தான் காட்டும். அதான் அன்னிக்கே மூணு மடங்கே ஜாஸ்தின்னேன். கிட்டக் கொண்டுவந்தீங்களா?"

"அது கிட்ட வராது சாமி."

"எது?"

கையிலிருந்த லென்ஸை மடக்கினாள். பிறகு, "மாத்திர அட்ட" என்றாள்.

"மாத்திரை அட்டை ஏம்மா கிட்ட வராது? அது என்ன மாடா, கயிறு கட்டி இழுத்துண்டு வர?"

சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. அந்த முகத்தை நான் பிறகு பல தடவை பார்த்தேன், அதில் எதுவுமே சட்டென்று ஏறாது. சொன்னதைக் கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வீட்டில் என்னென்ன வேலைக்குக் கண் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இன்சுலின் ஊசியில் கோடு தெரியவில்லை, அரிசியில் கல் தெரியவில்லை, மாத்திரை அட்டையில் தேதி தெரியவில்லை. அதற்கெல்லாம் என்னிடம் வழி இருந்தது. கால் வைத்து நிற்கிற லென்ஸ் ஒன்று, அடியில் லைட் எரியும். அட்டை மேல் வைத்தால் அதுவே சரியான உயரத்தில் நிற்கும், கை நடுங்கினாலும் எழுத்து நடுங்காது. ஊசியையும் மேசையில் படுக்கவைத்து அதற்கடியில் கோடு பார்த்துக்கொள்ளலாம். அரிசிக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற லென்ஸ், நெஞ்சில் சாய்ந்து நிற்கும். முறத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் கல் பொறுக்கலாம். இரண்டையும் கொடுத்து, அந்தப் பத்து மடங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் முறை வந்தபோது வெளியே மழை. கடையில் வேறு யாரும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ரெண்டும் நல்லா கீது சாமி. கோடு தெரியுது. கல்லு தெரியுது."

"அப்பறம் என்ன?"

"இன்னொண்ணு வேணும்."

"எதுக்கு?"

மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மேலே நான் உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அன்றைக்குத்தான் சொன்னாள், யாரோ பக்கத்து வீட்டுக்காரிக்கு நடந்ததைச் சொல்வது போல.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? ஒரு மாசம் போச்சே. அதுக்குள்ள கால்ல ஒண்ணு ஆகியிருந்தா?"

"எங்கால பத்தி கடைல வந்து இன்னான்னு சொல்றது?"

"வீட்டுல யார் இருக்கா? பார்க்கச் சொல்லலாமே."

"பொண்ணு கீறா, தென்றலு. குன்றத்தூர்ல குட்த்துக்கீறோம். ஞாயித்துக்கெழம வந்து பாப்பா. மத்த நாளு போன்ல போட்டோ புட்ச்சி அனுப்புமான்னா. அனுப்பனேன். அவளும் கம்பேனிதான், உள்ள போன் எட்த்துகினு போவக் கூடாது, கேட்லயே லாக்கர்ல வச்சிடணும். ஷிஃப்ட் முட்ச்சி வந்துதான் பாப்பா. ஒரு வெள்ளிக்கெழம தலைக்குத் தண்ணி ஊத்திகினு காலுக்கு மஞ்சா பூசிகினு புட்ச்சி அனுப்பிட்டேன். அத்த சீழுன்னு நெனச்சிகினு அவ ஆட்டோ வச்சிகினு அழுதுகினே வந்துட்டா. அத்தோட அந்த போட்டோ வேலயே வேணாம்னுட்டேன்."

"வீட்டுக்காரர்?"

"அவரு கீறாரு."

"அவர் பார்க்கக் கூடாதா? கம்பெனியில கீறல் பார்க்கற ஆளுன்னீங்களே."

"புருசன் பொஞ்சாதி கால புட்ச்சி பாக்கறதா? நல்லாச் சொன்னீங்க சாமி." சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். "அந்தப் பாவம் வேறயா எனக்கு. ஒரு வெரலு போனது போதாதா?"

"பாவம் எல்லாம் ஒண்ணும் கிடையாது."

"உங்களுக்குக் கெடையாது சாமி."

என் கடையில் அப்போது இருந்தது ஒரு மேசை விளக்கு லென்ஸ். சப்பாத்தி அகலத்துக்கு வட்ட லென்ஸ், சுற்றி வளையமாக டியூப் லைட், மடங்குகிற இரும்புக் கை, நுனியில் கவ்வி. சர்க்யூட் போர்டு ரிப்பேர் பண்ணுகிறவர்களுக்காகத் தருவித்தது. இரண்டு மடங்குதான் காட்டும், ஆனால் தூரத்தில் நின்று காட்டும், கையும் சும்மா இருக்கும். வீட்டில் வந்து நானே பொருத்திக் கொடுக்கிறேன் என்றேன். இதற்காக யார் வீட்டுக்கும் நான் போனதில்லை. அந்தக் காலைப் பற்றி அவள் சொன்ன விதம் எனக்குப் பயமாக இருந்தது, அதனால்தான் போனேன்.

ஐப்பசி அடைமழை ஒரு நாள் விட்டிருந்தது. விளக்கை ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு ஒரகடம் வழியாகப் போனேன். கம்பெனி மதில்கள் முடிந்து ஏரி வந்தது, பிறகு வடக்குப்பட்டு. கனகத்தின் வீடு கோடித் தெருவில், தளம் போட்ட ஒற்றை அறை, முன்பக்கம் தகரம் இறக்கிச் சமையல். உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நடேசன் முதல் ஷிஃப்ட் முடித்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் வாசல்படியில் நின்றிருந்தான். ஒல்லி, தலை முழுக்க நரை, கை மட்டும் வெளுத்துச் சுத்தமாக இருந்தது.

கனகம் எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கி வைத்திருந்தாள். என் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து பாட்டிலோடு கொடுத்தாள், டம்ளரில் ஊற்றவில்லை. மோர் கொடுத்திருந்தாலும் குடித்திருப்பேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, சோடாவைக் குடித்தேன்.

விளக்கைக் கட்டில் சட்டத்தில் கவ்வி மாட்டினேன். மாட்டும்வரை நடேசன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க வேலை என்னப்பா, பத்து மடங்கு லென்ஸ்லதான் பாப்பீங்களாமே?" என்றேன்.

"அது லேபுல சார். நானு லைன்ல. பெயின்ட் அட்ச்சி வர்ற கதவு, பானெட்டு, அத்தப் பாக்கறது."

"என்ன வச்சுப் பாப்பீங்க?"

"ஒண்ணும் வச்சில்ல. சுத்தி லைட்டு கீது. மொதல்ல கண்ணு. அப்பறம் கை." வலது உள்ளங்கையை விரித்துக் காற்றில் ஒரு தடவு தடவிக் காட்டினான். "துணி கிளவுஸ் போட்டுகினு இப்படி ஓட்டணும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம்லாம் கைக்குத் தெரியும். தெரிஞ்சா பக்கத்துல செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அந்தாண்ட தள்ளிடுவோம். ரிப்பேர்காரன் பாத்துக்குவான்."

"எத்தனை வருஷமா?"

"தென்றலு பள்ளிக்கூடம் போன காலத்துலேர்ந்து."

"ஊர்ல கீற கதவெல்லாம் பாப்பாரு" என்றாள் கனகம், அடுப்பைச் சிறிதாக்கிக்கொண்டே. குரலில் குத்தல் இல்லை. நடேசன் காதில் விழாதது போல் தகரத்தைப் பார்த்தான். வீட்டிலேயே ஒன்று அழுகிக்கொண்டிருந்தது தன் கண்ணில் படவில்லை என்பது அவன் மனசில் இருந்திருக்க வேண்டும். அவன் சொல்லவில்லை, நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேன்.

விளக்கை எரியவிட்டேன். கனகம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை ஸ்டூலில் வைத்தாள். லென்ஸை இழுத்து மேலே நிறுத்தினேன். புறங்கால் பளிச்சென்று தெரிந்தது, நகத்து அழுக்குகூடத் தெரிந்தது. உள்ளங்கால் தெரியவில்லை. காலைத் தூக்கி இன்னொரு தொடை மேல் போடச் சொன்னேன். முட்டி மடங்கவில்லை. வயிறு இடித்தது. இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள், பாதி வந்து நின்றது. அந்த நிலையில் லென்ஸுக்குள் தலையைக் கொண்டுபோனால் அவள் தலை நிழலே விழுந்தது.

"இன்னுங் கொஞ்சம் இழும்மா."

"இவ்ளோதான் சாமி வரும்."

எத்தனையோ வருஷமாக லென்ஸ் விற்கிறேன். உள்ளங்கால் அதன் சொந்தக்காரர் பார்க்கிற மாதிரி வைக்கப்படவில்லை என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. பவரா முக்கியம்? நானும்தான் இத்தனை நாள் லென்ஸைப் பற்றியே யோசித்திருக்கிறேன்.

"கண்ணாடி வச்சிப் பாக்கலாமா?" என்று சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தான் நடேசன். டாக்டரும் அதைச் சொன்னாராம். தரையில் கண்ணாடியை வைத்து, அதற்கு மேலே காலை நீட்டி, விளக்கு லென்ஸைச் சாய்த்து வைத்தோம். கண்ணாடியில் தெரிகிற உள்ளங்கால் இன்னும் அத்தனை ஆழத்தில் போய்விடும், லென்ஸுக்கு அது எட்டாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை பார்க்கட்டும் என்று விட்டேன்.

கனகம் குனிந்து பார்த்தாள்.

"அதோ கீது" என்றாள்.

"எது?"

"செவப்பா, கறுப்பா. குதிகாலாண்ட." நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போச்சி. இந்தக் காலும் போச்சி. சரி வுடு."

அழவில்லை. பால் பொங்கிப் போய்விட்டது என்று சொல்வதற்குக்கூட அதைவிடப் பதற்றம் இருக்கும். நடேசன் மண்டி போட்டுக் கண்ணாடியைப் பார்த்தான், காலைப் பார்த்தான். பிறகு கட்டைவிரல் நகத்தால் கண்ணாடியைச் சுரண்டினான். நகத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. குளிக்கப் போகும்போது எல்லா வீட்டிலும் பெண்கள் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிற பொட்டு. விளிம்பு அழுக்கேறிக் கறுத்திருந்தது.

"பொட்டுமே இது."

"ஓ" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. குழம்பு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

நடேசன் பொட்டை விளக்கின் இரும்புக் கையில் ஒட்டிவிட்டு, வெளியே போய்க் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினான். விரல் இடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, அவள் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தான்.

"கால இப்படி நீட்டு."

"எழுந்திருய்யா."

"நீட்டு கனகம். நான் பாக்கறேன்."

"சாமி மின்னாடி மானத்த வாங்காத. எழுந்திரு. கால்மாட்ல போய் குந்திகினு."

"ஆஸ்பத்திரில அந்த டாக்டரு தொடல? அவரு ஆம்பளதான?"

"அவரு டாக்டரு. நீ தாலி கட்னவன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, கோயிலுக்கு வந்தா சடாரி வாங்கிக்கறீங்களே, அது என்ன? பெருமாள் பாதம்தானே. தலையிலயே வச்சுக்கறோம்."

"அது சாமி காலு" என்றாள் கனகம். "இது எங்காலு."

என் படிப்பு, பாசுரம் எல்லாம் அதோடு முடிந்தது. நடேசன் தரையில் இருந்த அந்தக் கண்ணாடியைப் பார்த்தான்.

"நான் தொட மாட்டேன்" என்றான். "லென்சு வச்சிதான் பாப்பேன். நடுவுல லென்சு கீதில்ல? நீ செவுத்தாண்ட திரும்பிக்கோ. சார் கீறாரு, அவரே சாட்சி."

"தொட மாட்டியே?"

"தொட மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டித் தலையணை மேல் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். புருஷன் தன் காலடியில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்க மாட்டாளாம், அதுதான் பேச்சு. நான் விளக்கை இழுத்து உள்ளங்காலுக்கு நேராக நிறுத்தினேன். கடையை விட்டு வந்தபின் முதல் தடவையாக அந்த லென்ஸ் உருப்படியான இடத்தில் நின்றது.

நடேசன் லென்ஸுக்குள் பார்த்தான். இடது கால், வலது கால், மறுபடி இடது. மழைத் தண்ணீரில் ஊறித் தோல் வெளுத்திருந்தது. குதிகாலில் வெடிப்பு. விரலுக்குக் கீழே நடந்து நடந்து தடித்த இடம், மஞ்சளாக. எனக்கும் தெரிந்தது, ஆனால் எது இருக்க வேண்டியது, எது இருக்கக் கூடாதது என்று புரியவில்லை. அவனுக்கும் புரியவில்லை என்று நெற்றியிலேயே தெரிந்தது.

"கொழம்பு அடி புட்ச்சிடப் போவுது" என்றாள் கனகம் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"புடிக்காது."

"கத்திரிக்கா போட்டுக்கீறேன். குழஞ்சிப் போச்சின்னா உனக்குப் புடிக்காது."

"பரவால்ல."

சொல்லிக்கொண்டே அவன் லென்ஸை மெதுவாக ஒரு பக்கம் தள்ளினான். கண்ணை மூடிக்கொண்டான். வலது கையை விரித்து, அவள் இடது உள்ளங்காலில் வைத்தான்.

இப்போது கத்தப் போகிறாள், காலை உதறப் போகிறாள் என்று அவள் முதுகையே பார்த்தேன்.

"நாளைக்கு ரேசன்ல பாமாயிலு போடறாங்களாம்" என்றாள் கனகம். "நீ செகண்ட் ஷிஃப்ட்டுன்னா காத்தாலயே போய் வாங்கியாந்துடு."

"சரி."

குதிகாலிலிருந்து அவன் கை மேலே ஓடியது. அழுத்தவில்லை. கதவைத் தடவிக் காட்டினானே, அதே தடவல். இடது கையால் அவள் குதிகாலைத் தாங்கிக்கொண்டான். கை விரல்வரைக்கும் போய்த் திரும்பி வந்தது, மறுபடி போனது. கட்டைவிரலுக்குக் கீழே, அந்தத் தடித்த மஞ்சள் தோல் இருந்த இடத்தில் நின்றது. அப்படியே வைத்திருந்தான். வலது காலில் அதே இடத்தில் கையை வைத்துப் பார்த்தான். திரும்ப இடது காலுக்கு வந்தான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தான். சுடுது.

விளக்கின் இரும்புக் கையில் அந்தப் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து, சுடுகிற இடத்துக்குப் பக்கத்தில், தோலில் ஒட்டி அழுத்தினான். பொட்டு ஒட்டிக்கொண்டது.

"இன்னும் பாக்கலியா?" என்றாள்.

"பாத்துகினுதான் கீறேன்."

"தொடலியே?"

அவள் கால் அவனுடைய இரண்டு உள்ளங்கைக்குள்ளேயும் இருந்தது. கட்டைவிரலால் அவள் புறங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதற்கும் மேலே என்ன தொடுவது.

"இல்ல" என்றான் நடேசன். "லென்சுலயே தெரியுது. ஒரு எடம் சரியில்ல. காத்தால டாக்டராண்ட போலாம்."

"எங்க?"

"வெரலாண்ட. கொஞ்சூண்டுதான். அடையாளத்துக்குப் பொட்டு ஒட்டிக்கீறேன், பொட்டுதான் பட்டுது, கை படல."

"சாமி, நெசமாவா?" என்றாள், திரும்பாமலே.

நான் பெருமாளுக்கு எதிரில்கூட வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள். கடைக்கு வந்தவர்களிடம் ஒரு நாளும் சரக்கைப் பற்றிப் பொய் சொன்னது கிடையாது.

"லென்ஸ்லயே தெரிஞ்சுதும்மா" என்றேன். "நல்ல லென்ஸ்."

நடேசன் காலைத் தலையணை மேல் வைத்துவிட்டு எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டானா, வேர்வையைத் துடைத்துக்கொண்டானா தெரியவில்லை. எனக்கு அங்கே இருக்க முடியவில்லை, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரகடத்தில் சிக்னலில் நிற்கும்போது அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற லாரிக்காரன் பார்த்தான், பார்த்தால் பார்க்கட்டும்.

மறுநாள் டாக்டர் அந்தத் தடித்த தோலைச் சீவி எடுத்தாராம். அடியில் சீழ் கட்டியிருந்ததாம், எலும்புவரை போகவில்லையாம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் பழைய கதைதான் என்றாராம். இதைத் தென்றல் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். கால் தப்பித்தது.

தை பிறந்து கனகமே வந்தாள். பின்னால் வார் வைத்த செருப்போடு உள்ளே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்து விளக்கின் வட்ட டியூபை எடுத்து வைத்தாள். ஒரு பக்கம் கறுத்திருந்தது.

"ஃப்யூஸ் போச்சி சாமி. வேற ஒண்ணு குடு."

"தினமும் பாக்கறாரா?"

"தெனம் பாக்கறாரு. நைட் ஷிஃப்ட்டுன்னா போறதுக்கு மின்ன பாத்துட்டுப் போவாரு. நான் செவுத்தாண்ட திரும்பிக்குவேன். லைட்டப் போட்டுகினு ரொம்ப நேரம் பாப்பாரு."

புது டியூபை எடுத்துத் தூசி தட்டினேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குதிகாலு வெடிப்புக்குத் தேங்காண்ண தடவச் சொன்னாரு டாக்டரு" என்றாள். "எனக்குக் குனிய முடியாது, நான் தடவறது கெடையாது. ஆனா காத்தால எழுந்தா பாயில எண்ண பிசுக்கு கீது. வெடிப்பும் ஆறிப்போச்சி."

நான் டியூபைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"அவராண்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன்?"

"கேட்டா நிறுத்திடுவாரு சாமி" என்றாள். முதல் தடவையாக அந்த முகத்தில் ஏதோ ஏறியது, ஏறிய வேகத்தில் இறங்கியும் விட்டது. டியூபை வாங்கிச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"புது மாடல் வந்திருக்கு, இன்னும் பெரிசாக் காட்டும். வேணுமா?" என்றேன்.

"வேணாம். லென்சு அதே இருக்கட்டும். லைட்டு எரிஞ்சாப் போதும்."